காப்பி அடித்தால் தப்பா?

பரீட்சை ஹாலில் காப்பி அடித்தால் பறக்கும் படை பிடித்துக்கொண்டு போகும். ஓவியத்தில் காப்பி அடிக்காதவன்தான் ஃபெயில்! கொஞ்சம் ஓவராகத் தெரிகிறதா? மேலே படியுங்கள்.

ரோம் நகரின் போர்கேசே கேலரியில் ரஃபேல் 1507-ல் வரைந்த எண்ணெய் ஓவியம் ஒன்று இருக்கிறது. இறந்த இயேசுவைத் தூக்கிச் செல்லும் காட்சி. வலப்பக்கம், மயங்கிச் சாயும் மரியாளைத் தாங்க ஒரு பெண் உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்புகிறாள். அந்தத் திருப்பம் மைக்கலாஞ்சலோவின் டோனி டோண்டோ என்ற வட்ட ஓவியத்தில் இருந்து வந்தது. ரஃபேலே பார்த்துப் போட்டிருக்கிறார்!

கடையத்தில் இருந்துகொண்டு ஆயில் பெயின்டிங் பழகுகிறவருக்கு ரோம் எட்டாது. ஆனால் ஒரு நல்ல கலர் பிரிண்டில் பாதிப் பாடம் இருக்கிறது. பிரிண்டிலும் கேன்வாஸிலும் கட்டம் போட்டு ஒவ்வொன்றாக ஏற்றினால், தூக்குகிறவர்கள் ஏன் பின்னால் சாய்கிறார்கள், பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பதெல்லாம் கைக்கே புரியும். முதலில் பிரவுனில் மட்டும் வெளிச்சமும் நிழலும். அது காய்ந்த பிறகு மற்ற நிறங்கள். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாக, மேலே போகப்போக அதிகமாக. மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முதலில் காய்ந்து, பிறகு வெடித்துவிடும்.

பூச்சின் கனமும் பிரஷ் தடமும் பிரிண்டில் தெரியாது. அதற்கு அசல் எண்ணெய் ஓவியம் ஒன்றின் முன்னால் நிற்க வேண்டும். செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் போனால் அங்கே மியூசியம் வளாகத்தில் ரவிவர்மா இருக்கிறார்.

அவர் கதையும் இதுதான். திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்துவிட்டார் என்பார்கள். 1868-ல் அங்கு வந்த தியோடர் ஜென்சன், தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்தே பழகிய ரவிவர்மா 1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கினார். எந்தப் படத்துக்கு? தலைமுடியில் பூச்சூடும் ஒரு நாயர் பெண்ணின் படத்துக்கு. வேலைமுறை ஐரோப்பாவுடையது, பெண் அவர் ஊர்க்காரி.

"சொந்தமாக வரையத் தெரியாதவன்தான் காப்பி அடிப்பான்" என்பவர்கள் இந்த இரண்டாவது படியை மறந்துவிடுகிறார்கள். முதல் படியிலேயே நின்றுவிட்டால் அவர்கள் சொல்வது சரிதான்.

ஆகவே, ரஃபேலைத் தாராளமாகக் காப்பி அடியுங்கள். கேன்வாஸின் பின்னால் 'ரஃபேலைப் பார்த்து வரைந்தது' என்று மறக்காமல் எழுதுங்கள். எழுதாவிட்டால் அது திருட்டு. அடுத்த கேன்வாஸில் கடையத்தில் நெல் மூட்டை தூக்குகிறவரை வரையுங்கள். பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று இப்போது தெரியுமே!