ஊர் எந்தப் பக்கம் வளர்கிறது? பொன்னேரி வட்டார விவசாயிகள் கவனத்துக்கு

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் நெல் வயலுக்கு நடுவே கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, மனை விற்பனைக்கு என்று பலகை வைத்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். "பட்டணம் வடக்கே வந்துகொண்டிருக்கிறது. துறைமுகம் வந்தாயிற்று, அனல் மின் நிலையம் வந்தாயிற்று. ஜனம் பெருகப் பெருக இங்கே விவசாயம் நிற்காது, இப்போதே கொடுத்துவிடுங்கள்" என்று தரகர்கள் சொல்லும்போது, ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடியானவர் மனம் தடுமாறுவது இயற்கையே. நிலத்தை விற்பதும் வைத்துக்கொள்வதும் அவரவர் குடும்ப நிலையைப் பொறுத்தது. அதில் பிறர் தலையிட இடமில்லை. ஆனால் பட்டணம் வடக்கே வருகிறது என்ற பேச்சை மட்டும் நம்பி விற்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அது பாதி உண்மைதான். மக்கள் தொகைக் கணக்கை ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்தால் மீதிப் பாதி விளங்கும்.

முதலில் மாவட்டக் கணக்கு. பழைய செங்கற்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டு 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் உண்டாயிற்று. 2001-இல் இங்கே இருந்தவர்கள் சுமார் 27 லட்சத்து 55 ஆயிரம் பேர். 2011-இல் 37 லட்சத்து 28 ஆயிரம் பேர். பத்தே ஆண்டில் 35 சதவீதம் கூடுதல். அதே பத்தாண்டில் தமிழ்நாடு முழுவதும் 15.6 சதவீதம்தான் கூடியது. பக்கத்திலேயே இருக்கும் சென்னை மாவட்டம், அப்போதைய எல்லைக்குள், 7 சதவீதம்தான் கூடியது.

இவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள்? பிள்ளைப்பேறு இதற்குக் காரணமல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகள் சராசரி 1.8. தலைமுறைக்குத் தலைமுறை மக்கள் தொகை குறையாமல் இருக்கவே 2.1 வேண்டும். ஆகவே நம் மாவட்டத்தின் பெருக்கத்தில் பெரும் பங்கு, குடிபெயர்ந்து வந்தவர்களால் ஏற்பட்டது. பட்டணத்துக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் வெளியே வந்தவர்கள், தென் மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள், வடமாநிலத் தொழிலாளர்கள் என்று பல வகையினர். பிறந்து வளர்ந்த ஊரில் பிள்ளை பெற்றுப் பெருகுகிறவர்கள் ஊரைத் தேர்ந்தெடுப்பதில்லை. குடிபெயர்ந்து வருகிறவர்களோ வேலை, வீடு, பள்ளிக்கூடம், குடிதண்ணீர் எல்லாவற்றையும் பார்த்துத்தான் வந்து இறங்குவார்கள். ஆகையால் அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

2001-க்கும் 2011-க்கும் இடையில் ஆவடி 2 லட்சத்து 30 ஆயிரத்திலிருந்து 3 லட்சத்து 46 ஆயிரம் ஆயிற்று; அதாவது பாதிப் பங்கு கூடுதல். அம்பத்தூர் மூன்று லட்சத்தைச் சற்றே தாண்டிய நிலையிலிருந்து 4 லட்சத்து 66 ஆயிரம் ஆயிற்று. மாதவரம் பாதிக்கு மேல் கூடியது. இவை எல்லாம் மேற்கே இருப்பவை.

இனிக் கடலோரத்தைப் பாருங்கள். திருவொற்றியூர் 2 லட்சத்து 12 ஆயிரத்திலிருந்து 2 லட்சத்து 49 ஆயிரம் ஆயிற்று. இது 18 சதவீதத்துக்கும் குறைவு. எண்ணூரை அடக்கிய கத்திவாக்கம் சுமார் 32 ஆயிரத்து 600-லிருந்து 36 ஆயிரத்து 600; ஏறத்தாழ 12 சதவீதம். மீஞ்சூர் பேரூராட்சி 5 ஆயிரம் பேர்கூட முழுசாகக் கூடவில்லை. 2011-இல் 28 ஆயிரம்தான். பொன்னேரி 24 ஆயிரத்திலிருந்து 31 ஆயிரம். மாவட்டம் 35 சதவீதம் கூடிய பத்தாண்டில் இந்த ஊர்கள் எல்லாமே அந்தச் சராசரிக்குக் கீழேதான் நின்றன. இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில், 2001-இல்தான் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். துறைமுகம் வந்தது, அதைத் தொடர்ந்து ஜனம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு இந்தப் பகுதியின் பழைய கதையே விடை சொல்லும். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய நாளிலிருந்து வட சென்னை உழைப்பாளிகளின் ஊர். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். எண்ணூரில் பின்னாளில் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்ற மோட்டார் தொழிற்சாலை, 1955-இல் திருவொற்றியூரில் என்பீல்டு, 1969-இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம், 1971-இல் மணலி உரத் தொழிற்சாலை என்று வரிசையாக வந்தன. அந்தக் காலத்துத் தொழிற்சாலை ஆட்களைக் கொண்டு ஓடியது. வாசலில் சங்கு ஊதினால் ஆயிரக்கணக்கானவர் உள்ளே போவார்கள்; அவர்கள் குடும்பங்கள் பக்கத்திலேயே குடியேறும். அப்போது ஊர் பெருத்தது.

இப்போது வருகிற தொழில் அப்படியல்ல. நிலக்கரி கப்பலிலிருந்து பட்டைவழியாக ஓடி மின் நிலையத்துக்குப் போகிறது. சரக்குப் பெட்டிகளைத் தூக்கி வைப்பது ராட்சதப் பாரந்தூக்கிகள். நூற்றுக்கணக்கான ஏக்கரில் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் யார்டுகளில் காவல்காரரும் சில ஓட்டுநர்களும்தான் கண்ணில் படுகிறார்கள். பழைய எண்ணூர் அனல் மின் நிலையமோ 2017-இல் மூடப்பட்டுவிட்டது. இயற்கையும் இந்தப் பக்கம் குடியேற்றத்துக்கு இடம் தரவில்லை. கிழக்கே கடல். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின் ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. வடக்கே எண்ணூர் கழிமுகமும் உப்பளமும் சதுப்பும் சாம்பல் குளமும். ஆக, இந்தப் பகுதியில் லாரிகள் பெருகியதைப் பார்த்து மக்கள் பெருகியதாகக் கணக்குப் போட்டுவிடக் கூடாது.

மனை வாங்குகிறவர் எங்கே வீடு கட்டிக் குடியேறுவார் என்பதை இதைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். பலகை நட்ட எத்தனை மனைப் பிரிவுகளில் பத்து ஆண்டு கழித்தும் வேலிக்காத்தான் மட்டும் வளர்ந்திருக்கிறது என்பதை உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள். ஏரிப் பாசனம் பாய்ந்த நஞ்செய் அப்படித் தரிசாகக் கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. இன்னொரு கணக்கும் உண்டு. நாம் ஏக்கர் விலைக்கு விற்கிறோம். அவர்கள் கிரவுண்டு விலைக்கு விற்கிறார்கள். ஒரு ஏக்கருக்கு 18 கிரவுண்டு. பாதைக்கும் பொது இடத்துக்கும் விட்டது போக மீதியைப் பெருக்கிப் பார்த்தால் லாபம் யாருக்கு என்பது தெரியும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும், பலருடைய பணம் அதில் முடங்கியதையும் மறந்துவிடலாகாது.

ஜனம் மேற்கே போனாலும் தண்ணீர் மட்டும் நம் பக்கத்திலிருந்துதான் போயிற்று. 1960-களின் கடைசியில் ஐ.நா. உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையின் நிலத்தடி நீர் ஆராயப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணற்றுத் தொகுதிகள் அமைந்தன. மீஞ்சூர்ப் பக்கத்து நீர் மணலித் தொழிற்சாலைகளுக்குப் போயிற்று. இறைத்த அளவுக்கு ஊறவில்லை. நன்னீர் விட்ட இடத்தில் கடல் நீர் புகுந்தது. 1969-இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, பின்னர் பத்து கிலோமீட்டரையும் தாண்டி உள்ளே வந்தது. 1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், 2000-க்குப் பின் வந்த வறட்சி ஆண்டுகளில், குடிநீர் வாரியமே விவசாயிகளின் கிணற்று நீரை விலைக்கு வாங்கியது. நெல்லை விட நீர் விற்பது லாபமாக இருந்தது. அந்த நெருக்கடியில் நீர் கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து வயல்காரரின் கிணறும் அதே படுகையில்தான் இருக்கிறது. 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. உள்ளே வந்துவிட்ட உப்பு அதனால் திரும்பிப் போய்விடாது. பருவத்துக்கு ஒரு முறையாவது கிணற்று நீரைச் சோதித்து, உவர் ஏறியிருந்தால் சம்பாவில் கோ 43, திருச்சி 3 போன்ற தாங்கும் நெல் ரகங்களைப் போடுவது நல்லது.

சரி, பக்கத்தில் இவ்வளவு வாய்கள் இருக்கின்றனவே, அவற்றை நம்பிப் பயிர் செய்யலாமே என்றால், தாராளமாகச் செய்யலாம். கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும். திருவொற்றியூரில் இரண்டரை லட்சம் பேர். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 50 கிராம் கீரை என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பன்னிரண்டரை டன் ஆகிறது. முளைக்கீரை 25, 30 நாளில் ஏக்கருக்கு 4 டன் வரை வரும். அதாவது நாள்தோறும் மூன்று ஏக்கர் பிடுங்க வேண்டும். சுழற்சி முறையில் மொத்தம் நூறு ஏக்கர் போதும். நூறு ஏக்கர் என்பது ஒரு சிற்றூரின் நிலம்! எல்லோரும் ஒரே வாரத்தில் கீரை விதைத்தால் கட்டு இரண்டு ரூபாய்க்கும் கேட்பார் இருக்க மாட்டார்கள். திருவொற்றியூர் ஆண்டுக்குச் சராசரியாக 3,700 பேர் வீதம் கூடியது. அவ்வளவு பேருக்கும் புதிதாகக் கீரை தர ஒன்றரை ஏக்கர் போதும். இதைக் கேட்டுச் சிரிப்பு வரலாம். "ஜனம் பெருகுகிறது, சந்தை பெருகுகிறது" என்று மொத்தமாகப் பேசுவதை விட இந்தச் சிறு கணக்கு விவசாயிக்குப் பயன்படும். நாலைந்து பேர் சேர்ந்து பத்து நாள் இடைவெளியில் மாற்றி மாற்றி விதைத்து, ஒரே வண்டியில் ஏற்றி, கிழக்கே மட்டும் பார்க்காமல் மாதவரம், அம்பத்தூர்ப் பக்கமும் அனுப்புவதே வழி.

இதில் ஒரு விசித்திரம், மாவட்டத்தில் பத்து ஆண்டில் பத்து லட்சம் பேர் கூடியும் நாற்று நட ஆள் கிடைப்பதில்லை. வந்தவர்கள் வயலுக்கு வரவில்லை. வயலில் இருந்தவர்களின் பிள்ளைகளும் கம்பெனி வண்டி ஏறிவிட்டார்கள். நடவு இயந்திரத்தைக் கூட்டாக வாடகைக்கு எடுப்பது பற்றி இந்தப் பருவமே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1-ஆம் தேதியை ஆதாரமாக வைத்து அடுத்த கணக்கெடுப்பு நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. அந்த எண்கள் வெளிவரும்போது ஒரு குழப்பம் வரும். 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம், அம்பத்தூர் எல்லாம் அதில் சேர்ந்தன. 2018-இல் திருவொற்றியூர், மாதவரம், அம்பத்தூர் வட்டங்கள் சென்னை மாவட்டத்துக்கே போய்விட்டன. ஆகவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அப்படியே ஒப்பிட்டால் சென்னை திடீரென்று வீங்கியது போலவும், திருவள்ளூர் மாவட்டம் சுருங்கியது போலவும் தெரியும். எல்லைக் கல் நகர்ந்ததே தவிர ஆள் நகரவில்லை. இந்த எண்ணைக் காட்டியும் மனை விற்க வருவார்கள்.

சென்ற கணக்கெடுப்பில் ஒரு கிராமத்தைக் கணக்கில் நகரமாகச் சேர்க்க மூன்று அளவுகள் வைத்திருந்தார்கள்: 5,000 பேராவது இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும், ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைக்கும் ஆண்களில் முக்கால் பங்கினராவது விவசாயமல்லாத தொழில் செய்ய வேண்டும். பெண்களின் உழைப்பு இந்த அளவில் சேர்வதில்லை என்பது வேடிக்கைதான். பகலில் கம்பெனிக்குப் போய், காலையிலும் மாலையிலும் நிலத்தைப் பார்க்கிறவர் பலர் நம் பக்கத்தில் உண்டு. கணக்கெடுப்பவர் வந்தால் இரண்டையும் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் எந்த வேலை பிரதானம் என்பதை யோசித்து உள்ளபடி சொல்லுங்கள். களை எடுப்பதும் அறுப்பதும் மாட்டைப் பார்ப்பதுமாக நாள் முழுவதும் உழைக்கும் வீட்டுப் பெண்களை "வேலை ஒன்றும் இல்லை" என்று எழுத விட்டுவிடாதீர்கள். குடும்ப நிலத்தில் பாடுபடுகிறவரும் சாகுபடியாளரே. குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்துப் பயிரிடுபவரும் சாகுபடியாளர்தான். அதற்குப் பட்டா அவர் பெயரில் இருக்க வேண்டும் என்பதில்லை.