வந்தேறி யார்?

தோழா!

காஞ்சிக்குத் தெற்கே, பாலாற்றங்கரையில் இருக்கிறது செவிலிமேடு. அங்குள்ள பட்டு நெசவாளியைக் கேட்டுப் பார். நூல் கருநாடகத்திலிருந்து வந்தது என்பார். சரிகை சூரத்திலிருந்து வந்தது என்பார். நெய்யும் கை எங்கிருந்து வந்தது? ஆராய்ச்சி அறிவு விடை கூறுகிறது: ஆப்பிரிக்காவிலிருந்து! அவர் கை மட்டுமா? உன் கை, என் கை, தலையிற் பிறந்தோம் என்று தருக்கித் திரிந்தோர் கை — அத்தனையும்!

1863-இல் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் பூட் எனும் நிலவியல் அறிஞர் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கமும் வெளிச்சத்திற்கு வந்தது. அங்குள்ள கல்லாயுதங்களுக்கு வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் சாந்தி பப்பு குழுவினர் அறிவித்தனர். "பார்த்தீரா, தமிழன் பழமையை!" என்று மேடையேறி முழங்கிவிடாதே. அவற்றைச் செய்தவன் தமிழனுமல்லன், ஆரியனுமல்லன். நம் மனித இனமே அன்று தோன்றவில்லை!

நம் இனம் ஆப்பிரிக்காவில் தோன்றி ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள். நீர் தேடி, இரை தேடி, தலைமுறை தலைமுறையாக நகர்ந்து கண்டங்களை நிரப்பியது அது. மதுரைக்கு மேற்கே ஒரு சிற்றூரில், பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் முன்னின்ற ஆய்வில், எம்130 எனும் தொன்மையான மரபணுக் குறி காணப்பட்டது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் அதே குறி உண்டு! கடல்மட்டம் தாழ்ந்திருந்த அந்நாளிலும் ஆஸ்திரேலியாவுக்கு முன்னே ஆழ்கடல் கிடந்தது. மிதவை கட்டிக் கடந்தனர். சைபீரியாவுக்கும் அலாஸ்காவுக்கும் இடையே தரை தலைகாட்டியபோது அமெரிக்காவும் மனிதனைக் கண்டது.

இந்நாட்டிற்குப் பின்னாளில் வந்தோரும் உண்டு. கி.மு. 2000-க்குப் பின் புல்வெளி மக்கள் வடமேற்கு வழியே வந்ததை 2019-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டுகிறது. வந்தது குற்றமா? அன்று! வந்தவர், இருந்தவர் எல்லோரும் கலந்தனர். ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை அக்கலப்பு நடந்தது. பின்னரே அகமண வேலி இறுகியது என்கிறது 2013-ஆம் ஆண்டு ஆய்வு. கலந்த குருதிக்குக் கோடு கிழித்து, உயர்வென்றும் தாழ்வென்றும் பெயரிட்டார்களே, அதுதான் குற்றம்!

ஆகவே தோழா, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, நம் ஊரில் செங்கல் சுமக்கும் ஏழையைப் பார்த்து "வந்தேறி" என்று ஏசாதே. மொழியைத் திணிப்போரை எதிர். சாதியைக் காப்போரை எதிர். உரிமையைப் பறிப்போரை எதிர். பசிக்கு வழிதேடி நடந்து வந்தவனை எதிர்க்காதே. நம் மூதாதையரும் அவ்வாறு வந்தவர்களே!