ராணி கழுத்து நகையும் ரகசிய விளம்பரமும்

ஓசூர் நெடுஞ்சாலையில், பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியில், வீரசந்திரா ஏரியை ஒட்டி இருக்கிறது டைட்டன் கம்பெனியின் தலைமை அலுவலகம். சுற்றிலும் சாஃப்ட்வேர் கம்பெனிகள். இவர்கள் விற்பதோ கைக்கடிகாரமும் தங்கமும். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-ல் கைகோத்துத் தொடங்கிய நிறுவனம் இது. இன்றும் கால் பங்குக்கு மேல் டிட்கோ வசம்.

இதன் நகை பிராண்டான தனிஷ்க், இந்தி சினிமாவுக்குள் நுழைந்த விதம் கவனிக்க வேண்டியது. 2005-ல் 'பஹேலி' படத்துக்கு நகை செய்து கொடுத்தார்கள். 2008 பிப்ரவரியில் அசுதோஷ் கோவாரிக்கரின் 'ஜோதா அக்பர்' வந்தது. ஐஸ்வர்யா ராயின் நெற்றி, மூக்கு, கழுத்து எங்கும் தனிஷ்க். அதே சாயல் நகைகள் கடைகளிலும் விற்பனைக்கு வந்தன. 2018-ல் 'பத்மாவத்'. இவற்றில் யாரும் பிராண்டின் பெயரைச் சொல்லவில்லை. அக்பரின் ராணி எப்படிச் சொல்வாள்?

சொல்ல வைத்தவர்களும் உண்டு. சுபாஷ் கயின் 'யாதேன்' (2001) படத்தில் கோக்கும் ஹீரோ சைக்கிளும் பாஸ் பாஸும் நடிகர்களோடு போட்டி போட்டன. 'பாக்பான்' (2003) படத்தில் அமிதாப் பச்சன் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி ஊழியர். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தார்கள் என்றால், விளம்பரம் என்று புரிந்துகொண்டார்கள் என்று அர்த்தம்.

புரியாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏஜென்சிகளின் வேலை. பெர்செப்ட் குழுமத்தின் பி-9, மேடிசனின் மேட்ஸ் போன்றவை இந்தத் தரகுக்கென்றே உருவானவை. இப்படிப்பட்ட ஏஜென்சி முதலில் திரைக்கதையை வாங்கிப் படிக்கும். நாயகி காலையில் குடிப்பது என்ன, நாயகன் ஓட்டும் கார் எது, அப்பா எந்த வங்கியில் கடன் கேட்கிறார் என்று காட்சி காட்சியாகக் குறித்துக்கொள்ளும். பிறகு பட்டியலோடு கம்பெனிகளின் கதவைத் தட்டும். பின்னணியில் பொருள் தெரிந்தால் ஒரு விலை, நடிகர் கையில் எடுத்தால் வேறு விலை, பெயரை வாயால் சொன்னால் இன்னொன்று. படம் வந்தபின் எத்தனை விநாடி தெரிந்தது என்று கணக்கு.

எப்போதும் ரொக்கம் கைமாறும் என்பதில்லை. கார் இரவல் கிடைக்கலாம். பட ஸ்டில்களைப் போட்டு கம்பெனி தன் செலவில் விளம்பரம் செய்யலாம். தயாரிப்பாளருக்கு விளம்பரச் செலவு மிச்சம். ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' (1982) படத்தில் வேற்றுக்கிரகக் குட்டி தின்னும் ரீஸஸ் பீஸஸ் மிட்டாய் அப்படித்தான் இடம்பிடித்தது. முதலில் கேட்கப்பட்ட மார்ஸ் கம்பெனி மறுத்துவிட்டது. ஹெர்ஷி ஒப்புக்கொண்டு, பத்து லட்சம் டாலருக்குத் தன் விளம்பரத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்தது. நம் ஊரில் அதற்கு முன்பே 1973-ல் 'பாபி' வந்தது. அதில் ரிஷி கபூர் ஓட்டிய ராஜ்தூத் பைக்குக்கு மக்கள் வைத்த பெயரே 'பாபி'.

தனிஷ்க் செய்ததில் கலை இருக்கிறது, மறுக்க முடியாது. பொற்கொல்லர்களுக்கு வேலை, படத்துக்கு அழகு. ஆனால் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர், தான் பார்ப்பதில் எது கதை, எது விற்பனை என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? பிரிட்டன் 2011-ல் டி.வி. நிகழ்ச்சிகளுக்குள் பொருள்களை நுழைக்க அனுமதித்தபோது, திரை ஓரத்தில் 'பி' என்ற குறியைக் காட்டச் சொன்னது. இங்கே 1994-ன் கேபிள் டி.வி. விதிகள், விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்கின்றன. இன்ஸ்டாகிராமில் காசு வாங்கிக்கொண்டு ஒரு க்ரீமைப் புகழ்பவர்கூட அதைச் சொல்லியாக வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. தியேட்டர் படத்துக்கு மட்டும் இப்படி எந்தக் குறியும் இல்லை.

முடியாத காரியம் அல்ல. 2012 அக்டோபரிலிருந்து, நாயகன் சிகரெட் பற்ற வைத்தால் திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம் வருகிறது. சிகரெட் பிராண்டின் பெயர் தெரிந்தால் அதை மறைத்தாக வேண்டும். அடுத்த காட்சியில் அதே நாயகன் எந்தக் காரில் ஏறினாலும் திரையின் அடியில் ஒரு வரியும் வருவதில்லை.