வட்ஸ்அப் நின்றால் வீடும் நின்றுவிடுமா?

பல்லேகலவில் என் அயலவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. முப்பது வருடங்களாகப் பத்திரிகைக் காரியாலயத்தில் கணினியின் முன் அமர்ந்திருப்பவன் என்பதால், கணினிக்கு உள்ளே இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள். ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் எனக்குத்தான் அழைப்பு வரும். நான் படித்ததோ கலைப்பீடத்தில். ஆனாலும் மறுக்க மனம் வருவதில்லை. தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை வைத்துச் சமாளித்து வருகிறேன்.

சில நாட்களுக்கு முன்னர் எதிர்வீட்டு அம்மா கேட்டார்: "தம்பி, பைபர் லைன் வந்துருச்சே. இனி அந்தப் பழைய போன் எதுக்கு? கழட்டிப் போட்ரலாமா?"

வயது எழுபதைத் தாண்டியவர். தனியாக இருக்கிறார். மகள் குடும்பத்துடன் ரொறன்ரோவில். தினமும் மாலையில் வட்ஸ்அப்பில் பேரப்பிள்ளைகளின் முகம் பார்த்துவிடுகிறார். "ஆமாம், கழற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். 2018 மார்ச் மாதம் நினைவுக்கு வந்ததால் சொல்ல முடியவில்லை.

அந்த நாட்களை இப்பகுதியில் வாழ்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பல்லேகலவிலிருந்து மகியங்கனை வீதியில் சில கிலோமீற்றர் சென்றால் திகன. மார்ச் 5ஆம் திகதி அங்கே முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் வைத்தியசாலையில் உயிரிழந்ததே உடனடிக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஊரடங்குச் சட்டம் வந்தது. மறுநாள் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. 7ஆம் திகதி நாடெங்கும் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவை தடுக்கப்பட்டன. கண்டிப் பகுதியில் இணைய சேவையே கட்டுப்படுத்தப்பட்டது. ஒவ்வொன்றாகத் தடை நீங்கி, பேஸ்புக் திரும்பியபோது 15ஆம் திகதி ஆகியிருந்தது.

அன்று எதிர்வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். திகனவில் தீ என்று கனேடியத் தொலைக்காட்சியில் பார்த்த மகள், தாயாரை வட்ஸ்அப்பில் அழைக்கிறார். இணைப்பு இல்லை. மறுபடியும் அழைக்கிறார். வைபரிலும் இல்லை. இரண்டு நாட்கள் இப்படியே கழிந்தன. அம்மாவின் கைத்தொலைபேசியோ முழு உயிரோடு மேசையில்தான் கிடந்தது. சாதாரண அழைப்புகள் வேலை செய்துகொண்டிருந்தன. மகள் வட்ஸ்அப்பில் விரல் வைத்து அழுத்திய பெயருக்குப் பின்னால் இருந்ததும் அதே தொலைபேசி இலக்கம்தான். அதைச் சாதாரண அழைப்பாக எடுக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. மூன்றாம் நாள் காலை, பாடசாலைக் காலத்தில் மனனம் செய்திருந்த வீட்டு இலக்கம் நினைவுக்கு வர, கூடத்து மூலையில் தூசி படிந்திருந்த அந்தப் பழைய போன் ஒலித்தது.

படித்த பெண் அவர். அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். நம்மில் பெரும்பாலோருக்கு இணையம் என்றால் வட்ஸ்அப், தொலைபேசி என்றாலும் வட்ஸ்அப், செய்தி என்றாலும் வட்ஸ்அப் என்று ஆகிவிட்டது. ஒரே வாசல் வைத்துக் கட்டிய வீட்டில் குடியிருக்கிறோம்.

தடை சரியா என்று அன்று பத்திரிகையாளர்களிடையே காரசாரமான விவாதம் நடந்தது. என் கருத்து அன்றும் இன்றும் ஒன்றுதான்: வதந்தியை வாயடைக்கப் போய், வதந்திக்கான மறுப்பையும் வாயடைத்தார்கள். தீ வைக்க வந்தவர்கள் வி.பி.என். வழியாக உள்ளே நுழைந்துகொண்டார்கள்; "நாங்கள் நலம்" என்று சொல்ல வேண்டிய கிழவிகளுக்குத்தான் வழி அடைபட்டது. அதற்காக நிறுவனங்களுக்கு நற்சான்றிதழ் கொடுக்கவும் நான் தயாரில்லை. தனது தளம் அந்த வன்முறைக்குப் பயன்படுத்தப்பட்டமைக்கு பேஸ்புக் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில். எரிந்த கடைகளின் சொந்தக்காரர்களுக்கு இரண்டு வருடங்கள் கழித்து வந்த வருத்தம் அது.

வதந்தி என்றேன். திகனவுக்கு ஒரு வாரம் முன்னர் அம்பாறையில் நடந்ததை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பாட்டில் கட்டியாக ஏதோ கிடந்தது. கருத்தடை மாத்திரை கலந்திருக்கிறார்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. சிங்களம் சரியாகப் புரியாத, தமிழ் பேசும் அந்த மனிதரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்க, அவர் பயத்தில் "ஆமாம்" என்பதுபோல் தடுமாறிச் சொன்ன சொல் கைத்தொலைபேசியில் பதிவாகி ஊரெல்லாம் பரவியது. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரியவந்தது. அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. மேலதிகமாக, உணவில் கலந்து கொடுத்தால் ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று மருத்துவத்தில் ஒன்றுமே கிடையாது. ஒரு வைத்தியரிடம் ஒரு நிமிடம் கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

ஆகவே, அயலவர்கள் கேட்கும்போது நான் முதலில் செய்து கொடுப்பது ரவுட்டர் வேலை அல்ல, வட்ஸ்அப் வேலை. அமைப்புகளுக்குள் சென்று, படங்களும் காணொளிகளும் தாமாக இறங்குவதை நிறுத்திவிடுகிறேன். டேட்டா மிச்சம் என்று சொன்னால் உடனே சம்மதிக்கிறார்கள். ஆனால் உண்மையான இலாபம் வேறு. விரலால் தொட்டுத் திறக்க வேண்டும் என்ற நிலை வந்தால், பாதிக் குப்பையைத் திறக்கவே மாட்டோம். அடுத்தது, செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பார்க்கப் பழக்குகிறேன். பல கைகள் மாறி வந்த சரக்கு என்பதற்கான அடையாளம் அது. 2020 ஏப்ரலில் இருந்து அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று வட்ஸ்அப் நிறுவனமே கட்டுப்படுத்தியிருக்கிறது. படம் சந்தேகமாக இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். நேற்று நடந்ததாகச் சொல்லப்படுவது ஐந்து வருடத்துக்கு முந்தைய வேறு நாட்டுப் படமாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் சிறந்த வழி பத்திரிகைக் காரியாலயத்தின் பழைய வழிதான்: அந்த ஊரில் இருக்கும் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது.

வி.பி.என். பற்றியும் ஒரு வார்த்தை. 2018இல் எங்கள் வீதிப் பையன்கள் ஆளுக்கொன்றாக இலவச வி.பி.என். இறக்கிக்கொண்டார்கள். தடை நீங்கி மாதங்கள் கழித்தும் அவை பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தன. நீங்கள் செல்லும் தளங்களின் பட்டியல் முழுவதும் முகம் தெரியாத ஒருவரின் கணினி வழியாகப் போகிறது என்பதே அதன் பொருள். தேவைப்பட்டால் பயன்படுத்துங்கள், தேவை முடிந்ததும் அழித்துவிடுங்கள். அது ஓடும்போது வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். எதிர்வீட்டு அம்மாவின் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

செம்புக் கம்பியில் வந்த பழைய தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. பரிவர்த்தனை நிலையத்திலிருந்தே கம்பி வழியாக 48 வோல்ட் வந்துகொண்டிருக்கும். ஊர் இருண்டாலும் அது ஒலித்ததற்குக் காரணம் அதுதான். (கம்பியில்லாக் கைப்பிடி உள்ள போன்களுக்கு இது பொருந்தாது, அவற்றின் அடிப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டும்.) பைபர் என்பது கண்ணாடி இழை. ஒளிதான் அதில் பயணிக்கும், மின்சாரம் பயணிக்காது. ஆகவே வீட்டுச் சுவரில் இருக்கும் பெட்டிக்கு நம் வீட்டு மின்சாரமே உயிர். கரண்ட் போனால் இணையம் மட்டுமல்ல, அந்தப் பெட்டியில் செருகிய வீட்டுத் தொலைபேசியும் சேர்ந்தே போய்விடும். பைபர் மாட்ட வருபவர்கள் வேகத்தைப் பற்றிப் பேசுவார்கள். இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

2022ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு. அந்த வாரம்தான் "மினி யு.பி.எஸ்." என்ற சின்னப் பெட்டியின் பெயரைக் கண்டிக் கடைகளில் எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள். அடுத்த சில நாட்களில், ஏப்ரல் 3ஆம் திகதி அதிகாலை, சமூக ஊடகங்கள் மறுபடியும் தடுக்கப்பட்டு அன்று பிற்பகலே திறக்கப்பட்டதும் நினைவிருக்கலாம். கரண்டும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை என்ற நிலை.

மினி யு.பி.எஸ். வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: ரவுட்டரின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவும் யு.பி.எஸ். தரும் வோல்ட் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட். சிலவற்றில் 9 அல்லது 5. அம்பியர் அளவு அடாப்டரில் உள்ளதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. உறையில் "10,000 எம்.ஏ.எச்." என்று பெரிதாகப் போட்டிருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். உள்ளே இருக்கும் பற்றரியின் 3.7 வோல்டால் பெருக்கினால் அது 37 வோட் மணி. பத்து வோட் எடுக்கும் பெட்டி ஒன்று அதில் மூன்று மணித்தியாலம் ஓடும். "எட்டு மணித்தியாலம் நிற்கும்" என்று கடைக்காரர் சொன்னால் புன்னகைத்துவிட்டு வாருங்கள்.

இன்னுமொன்று: ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் எங்கள் மலைப்பக்கத்தில் பிற்பகல் இடி கடுமையாக இருக்கும். பைபர் இழை மின்னலைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் சுவர்ச் செருகி கடத்தும். வானம் கறுத்தால் கழற்றிவிடுங்கள். ஆயிரம் ரூபாய்ப் பாதுகாப்புக் கருவியைவிட வெறும் கை நம்பகமானது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இந்த ஏற்பாடுகள் அனைத்தும் பரீட்சைக்கு வந்தன. கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் எத்தனை குடும்பங்களைக் கொண்டுபோயின என்பதை இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. மின்சாரம் போனது, கோபுரங்களுக்கும் மின்சாரம் வேண்டும் அல்லவா, கைத்தொலைபேசிச் சமிக்ஞையும் பல இடங்களில் போனது. என் மினி யு.பி.எஸ். அன்று காட்சிப்பொருள். பயன்பட்டது ஒரு பழைய பற்றரி ரேடியோ. வீட்டில் அது இல்லாதவர்கள் கைத்தொலைபேசியில் எப்.எம். வானொலி இருக்கிறதா என்று இன்றே தேடிப்பாருங்கள். பல தொலைபேசிகளில் காதொலிக் கம்பியைச் செருகினால்தான் அது வேலை செய்யும், கம்பிதான் அதன் அன்டெனா.

சமிக்ஞை இல்லாத நேரத்தில் தொலைபேசி அதைத் தேடித் தேடியே பற்றரியைத் தின்றுவிடும். விமானப் பயண நிலையில் வைத்துவிட்டு, மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம் திறந்து பாருங்கள். ஒரு கோடு சமிக்ஞை கிடைத்தால் பேச முயலாமல் குறுஞ்செய்தி அனுப்புங்கள். நெரிசலில் அழைப்பு தோற்கும் இடத்தில் குறுஞ்செய்தி வரிசையில் காத்திருந்தாவது போய்ச்சேரும். இரண்டு சிம் போடும் தொலைபேசி என்றால், இரண்டும் ஒரே நிறுவனத்துடையதாக இருப்பதில் பயனில்லை.

அந்த நாட்களில் அரச எச்சரிக்கைகள் தமிழில் தாமதமாகவும் குறைவாகவும் வந்தன என்ற குற்றச்சாட்டு பல தரப்பிலிருந்தும் எழுந்தது. அது அரசாங்கம் திருத்த வேண்டிய குறை, நாம் சகித்துக்கொள்ள வேண்டியது அல்ல. ஆனால் மழை அதுவரை காத்திருக்காது. மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறங்களில் வருகிறது: மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். இந்த மூன்றையும் வீட்டில் உள்ள சிறுபிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990. சிங்களம் வாசிக்கத் தெரிந்த அயலவர் ஒருவரின் இலக்கத்தையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். திகனவுக்குப் பிறகு இந்த வரியை எழுதுவதில் எனக்குத் தனி நிம்மதி உண்டு. எனக்கு அப்படி இருவர் இருக்கிறார்கள்.

கடைசியில் எதிர்வீட்டு அம்மாவுக்கு என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். பழைய போனைக் கழற்றவில்லை. அதே இலக்கத்தோடு பைபர் பெட்டியின் பின்னால் உள்ள தொலைபேசித் துளையில் செருகினோம். பெட்டிக்கு ஒரு மினி யு.பி.எஸ். பொருத்தினோம். கலண்டரின் பின்பக்கத்தில், கறுப்பு மையால், கண்ணாடி இல்லாமலே வாசிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் ஒன்பது இலக்கங்களை எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினோம். பிறகு பிரதான ஆளியை அணைத்துவிட்டு, ரொறன்ரோவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்: "வீட்டு இலக்கத்துக்குச் சாதாரண அழைப்பு எடுக்கவும்." அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. இருட்டுக் கூடத்தில் போன் ஒலித்தது.

"என்னம்மா, என்ன நடந்தது?" என்ற பதறிய குரல் எனக்கும் கேட்டது.

"ஒன்னுமில்ல. தம்பி டெஸ்ட் பண்றாரு. நீ தூங்கு" என்றார் அம்மா.