தோத்த ஆட்டத்தை என்ன பண்றீங்க?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வர முடியல. போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்போ மறுபடியும் அதே கேள்வி. "தம்பி, நீ செஸ் எல்லாம் ஆடுவியாமே.. எம்பையனை எந்த கோச்சிங்ல சேத்தா நல்லா வருவான்?" 2024 டிசம்பர்ல குகேஷ் உலக சாம்பியன் ஆனதுல இருந்து ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர்னு எந்தப் பக்கம் போனாலும் யாராவது ஒரு அண்ணாச்சி இதைக் கேட்டுடறாங்க. சந்தோஷமான விஷயம்தான். ஆனா கேள்விதான் கொஞ்சம் இடிக்குது.

என்னைக் கேட்டா, எந்த கோச்சிங் என்பது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, தோத்த ஆட்டத்தை உங்க பையன் என்ன பண்றான்? அவன் தோத்த அன்னைக்கு நீங்க என்ன பண்றீங்க? இந்த ரெண்டுக்கும் பதில் சரியா இருந்தா, சுமாரான கோச் கிட்ட கூட பையன் முன்னேறுவான். இல்லேன்னா மாசம் பத்தாயிரம் கட்டினாலும் நின்ன இடத்துலயே நிப்பான்.

(டிஸ்கி: நான் கிராண்ட்மாஸ்டர் எல்லாம் கிடையாது. சனி, ஞாயிறு டூர்னமெண்ட் ஆடற சாதாரண பொட்டி தட்டுற ஆசாமி. அதனால இதை நிபுணர் கருத்தா எடுத்துக்காதீங்க :))

முதல்ல "சென்னையில இருந்தாத்தான் செஸ் வரும்" என்கிற பேச்சு. ஒரு காலத்துல அது உண்மை. இந்தியாவோட முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன் 1972ல சென்னை சோவியத் கலாச்சார மையத்துல டால் செஸ் கிளப்பை ஆரம்பிச்சு வச்சார். ரஷ்யப் புத்தகமும் நல்ல எதிராளியும் கிடைச்ச இடம் அது. சின்னப் பையன் ஆனந்த் அங்கே ஆடித்தான் வளர்ந்தார், 1988ல நாட்டோட முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இன்னைக்கு இந்திய கிராண்ட்மாஸ்டர் எண்ணிக்கை எண்பதைத் தாண்டியாச்சு. ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின் இலவசம், லிசெஸ் இலவசம், ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ். உப்பளத்து வேலைக்குப் போறவர் வீட்டுப் பையன் கையில இருக்கற போன்ல உலக சாம்பியனை விட பலமான இன்ஜின் ஓடுது. ஊர் ஊரா டூர்னமெண்ட் போற செலவும், பலமான ஆளுங்களோட நேர்ல உக்காந்து ஆடற வாய்ப்பும் மட்டும் இன்னும் பெரிய ஊருக்குத்தான் சாதகம். அதை நான் மறுக்கல.

ஆனா கைக்கு வந்த அந்தக் கருவியை நம்ம பசங்க பயன்படுத்தற விதம் இருக்கே.. சாயங்காலம் உக்காந்தா மூணு நிமிஷ ஆட்டம் இருபது. தோத்தா உடனே "இன்னொண்ணு". ரொம்ப மனசு வந்தா இன்ஜினைத் தட்டி, சிவப்புல காட்டற தப்பைப் பாத்து "ஓ, குதிரையை இங்க வச்சிருக்கணுமா"ன்னு மூடிடறது. இதுக்குப் பேர் பயிற்சி இல்லீங்க.

நம்ம பாஷையில சொல்றேன். புரொடக்ஷன்ல ஒரு பக். யாரோ ஒருத்தர் சரியான கோடை மெயில்ல அனுப்பிட்டார், நீங்க காப்பி பேஸ்ட் பண்ணிட்டீங்க. பக் போயிடும். ஆனா ஏன் வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது, அடுத்த மாசம் வேற ரூபத்துல வரும். இன்ஜின் சொல்றது சரியான நகர்த்தல் என்னன்னு மட்டும்தான். நீங்க ஏன் தப்பா யோசிச்சீங்கன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. அது உங்க மண்டைக்குள்ள இருக்கற லாக் ஃபைல்.

குகேஷோட ஆரம்பகால கோச் விஷ்ணு பிரசன்னா இதைத்தான் பிடிச்சார். கிட்டத்தட்ட 2500 ரேட்டிங் வர்ற வரைக்கும் பையனை இன்ஜின் பக்கமே விடல. எல்லாரும் கம்ப்யூட்டரை வச்சு ஓப்பனிங் மனப்பாடம் பண்ணின காலத்துல அது ஊரே சிரிச்சிருக்கக்கூடிய முடிவு. ஆனா பையன் சொந்தமா கணக்குப் போட்டு, சொந்தமா தப்பு பண்ணி, சொந்தமா கண்டுபிடிச்சான். 2019 ஜனவரியில 12 வயசு 7 மாசத்துல கிராண்ட்மாஸ்டர்.

மனப்பாடம் ஏன் பத்தாதுன்னு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு. 1973ல சேஸ், சைமன்னு ரெண்டு பேர், ஒரு போர்டை அஞ்சு செகண்ட் காட்டி மறைச்சுட்டு, காய்களை அதே மாதிரி அடுக்கச் சொன்னாங்க. நிஜ ஆட்டத்துல வந்த நிலைன்னா மாஸ்டர் அசத்தினார். காய்களை இஷ்டத்துக்குக் கலைச்சு வச்சப்போ கத்துக்குட்டிக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. மாஸ்டருக்கு இருக்கறது அபார ஞாபக சக்தி இல்ல. அர்த்தம் புரிஞ்சு சேர்த்து வச்ச ஆயிரக்கணக்கான உருவங்கள். அதெல்லாம் நாமளே மூளையைக் கசக்கின நிலைகள்ல இருந்துதான் சேரும், அவசர அவசரமா தாண்டிப் போனதுல இருந்து சேராது.

அதனால நான் அண்ணாச்சிமாருக்குச் சொல்ற வழி ரொம்ப சாதாரணம்:

1. வாரத்துக்கு ரெண்டு நீள ஆட்டம் போதும். ஒவ்வொருத்தருக்கும் குறைஞ்சது முக்கால் மணி நேரம். நோட்டேஷன் எழுதியே ஆகணும்.

2. அடுத்த நாள் இன்ஜின் இல்லாம, போர்டுல காய் வச்சு, "இங்க நான் என்ன நினைச்சேன்"னு பக்கத்துல எழுதணும்.

3. அப்புறம்தான் இன்ஜின். தோத்த காரணத்துக்கு ஒரே ஒரு லேபிள்: பாக்கவே இல்ல / பாத்தேன், கணக்கு தப்பு / டைம் இல்ல / ஜெயிச்சுட்டோம்னு அசந்துட்டேன் / எதிராளி ரேட்டிங்கைப் பாத்துப் பயந்துட்டேன்.

4. இருபது ஆட்டம் ஆனதும் லேபிளை எண்ணுங்க. எது அதிகமோ அதுதான் அடுத்த மூணு மாச சிலபஸ்.

கணக்கு தப்புன்னா தினம் அரை மணி நேரம் பஸில், காயைத் தொடாம, முழு வரிசையும் மனசுல போட்டு முடிச்ச பிறகுதான் விடை. டைம் பிரச்சனைன்னா ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஷீட்ல நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்க. கடைசி ரெண்டு லேபிள் வந்தா? எந்த ஓப்பனிங் புத்தகமும் உதவாது. அது மனசு சம்பந்தப்பட்டது.

அதுக்கும் குகேஷ்தான் சரியான உதாரணம். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட்ல முதல் எட்டு ஆட்டமும் ஜெயிச்சார். பத்தாவது ரவுண்டுல உஸ்பெகிஸ்தான் அப்துசத்தோரோவ் கூட நல்ல நிலையில இருந்து தோத்தார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போச்சு, நம்ம பசங்க டீமுக்கு வெண்கலம். 16 வயசுப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்! 2024 ஏப்ரல்ல டொரோண்டோ கேண்டிடேட்ஸ், ஏழாவது ரவுண்டு. அலிரேசா கூட டைம் நெருக்கடியில மறுபடியும் ஒரு கொடூரமான தோல்வி. அடுத்த நாள் ஓய்வு. எட்டாவது ரவுண்டுல விதித்தை ஜெயிச்சார், பதிமூணாவதுல அதே அலிரேசாவை ஜெயிச்சார், போட்டியையே ஜெயிச்சார். பிற்பாடு அவர் திருப்புமுனையா சொன்னது எந்த வெற்றியையும் இல்ல, அந்த ஏழாவது ரவுண்டுத் தோல்வியைத்தான்.

சிங்கப்பூர்ல டிங் லிரன் கூட முதல் ஆட்டமே தோல்வி. மூணாவதுல பதிலடி. பதினொண்ணுல வெற்றி, பன்னிரண்டுல மறுபடி அடி. பதினாலாவது ஆட்டம் டிரா மாதிரிதான் தெரிஞ்சுது. ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். போதும்னு விட்டிருந்தா டைபிரேக் போயிருக்கும். இவர் விடாம உக்காந்து ஆடினார், 55வது நகர்த்தல்ல டிங் யானையைத் தப்பான கட்டத்துல வச்சார். 7.5 - 6.5.

இது பிறவியிலேயே வந்த பொறுமைன்னு மட்டும் சொல்லாதீங்க. இந்த மேட்சுக்காகத் தனியா மனப்பயிற்சி எடுத்தார். கோச் பேடி அப்டன், 2011 கிரிக்கெட் உலகக்கோப்பை ஜெயிச்ச நம்ம டீம் கூட இருந்தவர். உலகத் தரத்துல ஆடறவரே மனசுக்குன்னு ஒரு ஆளை வச்சுப் பயிற்சி எடுக்கறார். நாம பத்து வயசுப் புள்ளையை எந்தத் தயாரிப்பும் இல்லாம ஹாலுக்குள்ள அனுப்பிட்டு, தோத்து வந்தா வாசல்லயே வச்சு வறுத்தெடுக்கறோம்.

இங்கதான் எனக்கு வயித்தெரிச்சல். பக்கத்து ஊர் டூர்னமெண்ட் ஒண்ணுல, எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, ஆறாங்கிளாஸ், தோத்ததும் நோட்டேஷன் ஷீட்டை நாலா மடிச்சு ஷூக்குள்ள வச்சுது. ஏம்மான்னு கேட்டேன். "அப்பா பாத்தா எந்த இடத்துல தோத்தேன்னு கேப்பாங்கண்ணா.. பஸ் காசு, என்ட்ரி பீஸ் எல்லாம் சொல்லிக் காட்டுவாங்க"ன்னுச்சு. ஜெயிச்ச ஷீட் மட்டும் பத்திரமா ஃபைல்ல இருந்துச்சு. அப்பா கெட்டவர் இல்ல, ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு புள்ளையைக் கூட்டிட்டு வந்தவர். ஆனா அவர் காசு கொடுத்து வாங்கின பாடம் எதுவோ, அதைத்தான் அந்தப் புள்ள ஷூக்குள்ள ஒளிச்சு வைக்குது. தோத்த ஆட்டத்தை மறைக்கக் கத்துக்கிட்ட குழந்தை எந்த கோச் கிட்ட போயி என்ன கத்துக்கும், சொல்லுங்க?

"கண்டிப்பு இல்லேன்னா புள்ள எப்படி உருப்படும்?"னு ஒருத்தர் கேட்டார். கண்டிப்பு வேணும்தான். தினம் அரை மணி பஸில் போடலையா, கண்டிங்க. நோட்டேஷன் எழுதலையா, கண்டிங்க. அது அவங்க கையில இருக்கற விஷயம். ரிசல்ட் முழுசா அவங்க கையில இல்ல, எதிர்ல ஒருத்தன் உக்காந்திருக்கான் இல்லையா? வைஷாலி 2025 ஆகஸ்ட்ல சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியில அடுத்தடுத்து பல ஆட்டம் தோத்தார். அடுத்த மாசமே சமர்கண்ட்ல கிராண்ட் ஸ்விஸ் பட்டம். சென்னையில அந்தக் கடைசி ரவுண்டோட அவரை எடை போட்டிருந்தா?

என்னோட யோசனை இதுதான். தோத்த அன்னைக்கு ஆட்டத்தைப் பத்திப் பேச்சே கிடையாது. ஹாலை விட்டு வெளிய வந்ததும் "சாப்பிடலாமா?" மட்டும் கேளுங்க. அடுத்த ரவுண்டு இருந்தா தண்ணி குடிச்சு, பத்து நிமிஷம் நடந்துட்டு, போன் தொடாம உள்ள போகட்டும். அலசல் எல்லாம் மறுநாள். செலவுக் கணக்கு புள்ள காதுல விழவே கூடாது.

ஒரு பத்து ரூபா ஃபைல் வாங்கி, அதுல தோத்த ஷீட்டை மட்டும் போட்டு வைங்க. அது ரொம்ப ரொம்ப, புள்ளையோட ஆட்டமும் ஏறும். கோச்சிங் எங்கன்னு அதுக்கப்புறம் கேளுங்க அண்ணாச்சி, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். வரட்டுமா? நாளைக்கு ஆபீஸ்ல ஆணி இருக்கு :)