கடற்கரையில் ஓர் ஐரோப்பிய நகர்

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து கிழக்கே செல்லும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டையருகே கடலிற் கலக்கிறது. அம்முகத்துவாரத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கு நோக்கிச் சென்றால், கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டித் தரங்கம்பாடியை அடையலாம். சேத்தியாத்தோப்பு மாணவர் சுற்றுலாச் செல்லும்போது தில்லையையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் காண்பது இயல்பே. அவை அண்மையில் உள்ளவை. தரங்கம்பாடியும் ஒரு பகலில் சென்று மீளத்தக்க தொலைவில்தான் இருக்கிறது. ஆயின், அங்குச் செல்வோருள்ளும் பலர் கோட்டையை அரைமணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, கடலிற் காலை நனைத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அவர்கள் கோட்டையைக் கண்டவராவரேயன்றி ஊரைக் கண்டவராகார்.

அயலார் வாணிகம் செய்யக் கட்டிய மதில்களை நாம் ஏன் காண வேண்டும், அவற்றை நம் பொருளைச் செலவிட்டு ஏன் காக்க வேண்டும் என்று வினவுவோர் உளர். இவ்வினாவை எளிதிற் புறந்தள்ளலாகாது. அடிமைப்பட்ட நாட்களின் அடையாளம் எதுவாயினும் அதைக் கண்டு மனம் கசப்பது இயற்கை. எனினும், இக்கோட்டை எழுந்த வகையை அறிந்தவர் சற்றே தயங்குவர். 1620-ஆம் ஆண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர், டென்மார்க்கு நாட்டுக் கடற்படைத் தலைவர் ஓவே கெட்டேயுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். டேனியர் இங்கே கோட்டை கட்டவும் மிளகும் துணியும் வாங்கி ஏற்றுமதி செய்யவும் அவ்வுடன்படிக்கை இடமளித்தது. அவர்கள் நிலத்திற்காகத் தஞ்சை அரசுக்கு ஆண்டுதோறும் வரி செலுத்தி வந்தனர். டான்சுபோர்க்குக் கோட்டை வென்ற நிலத்தில் எழுந்ததன்று; குடிக்கூலி நிலத்தில் எழுந்தது. அதன் செங்கல்லைச் சுட்டவரும், சுண்ணாம்பைக் குழைத்தவரும், சுவரை எழுப்பியவரும் இம்மண்ணின் தொழிலாளரே. வரைபடம் அயலாருடையதாயினும் உழைப்பு நம்மவருடையது. அதனை அயலார் சொத்தென்று கைகழுவுதல் முறையாகாது.

ஊரைக் காண்போர் மேற்கிலுள்ள நகர வாயிலில் தொடங்குதல் நன்று. இப்போதுள்ள வாயில் 1792-இல் கட்டப்பெற்றது. டென்மார்க்கு அரசரின் முத்திரையை அதன் நெற்றியிற் காணலாம். வாயிலைக் கடந்தால் நேரே கடலை நோக்கி அரசர் தெரு செல்கிறது. தூண்கள் தாங்கிய நீண்ட தாழ்வாரங்களும், உயர்ந்த சாளரங்களும், வெண்சுண்ணம் பூசிய சுவர்களும் உடைய வீடுகள் அங்கு உள்ளன. குளிர்நாட்டிலிருந்து வந்தவர் நம் வெயிலுக்கு அஞ்சி நம் திண்ணையையும் தாழ்வாரத்தையும் தம் வீட்டோடு இணைத்துக்கொண்டதை அங்கே கண்கூடாகக் காணலாம்.

அத்தெருவில் இரண்டு பழைய கிறித்தவக் கோயில்கள் உள்ளன. சீயோன் கோயில் 1701-இல் டேனியருக்காக எழுந்தது. புதிய எருசலேம் கோயில் 1718-இல் சீகன்பால்கு என்னும் செருமானியப் பாதிரியார் கட்டுவித்தது. 1706 சூலை 9-ஆம் நாள் இவ்வூரில் வந்திறங்கிய அவர், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்தைக் கற்றார். தாம் திரட்டிய தமிழ் ஏடுகளுக்கு 1708-இல் ஒரு பட்டியலும் வகுத்தார். அவ்வாண்டிலேயே கோட்டைத் தலைவருக்கும் அவருக்கும் பிணக்கு நேர்ந்தது. தம்மை அனுப்பிய அரசரின் கொடி பறந்த அதே கோட்டையில் அவர் நான்கு திங்கள் சிறையிருந்தார். இதனை அறிந்து கோட்டையின் இருண்ட கீழறைகளுள் நுழைபவருக்கு அவை வெறும் அறைகளாகத் தோன்றா.

அச்சுக்கலை வரலாற்றிலும் இவ்வூருக்குத் தனியிடம் உண்டு. தமிழ் நூல் முதன்முதல் அச்சேறியது இங்கன்று. 1578-இலேயே கொல்லத்தில் ஒரு சிறுநூல் அச்சாயிற்று. ஆயினும், பின்னர் நெடுங்காலம் ஓய்ந்திருந்த தமிழ் அச்சு இங்கேதான் மீண்டும் உயிர்பெற்றது. செருமனியின் ஆலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் கப்பலில் வந்தன. அவை மிகப் பெரியனவாக இருந்தமையால் தாள் பெரிதும் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துகளை இவ்வூரிலேயே வார்த்தனர். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. பாடநூலைக் கையில் ஏந்தும் எந்த மாணவனுக்கும் இச்செய்தியில் உறவு உண்டு.

கட்டடம் அழிந்தால் இழப்பது யாது என்பதற்குக் கடலூர் மாவட்டத்திலேயே சான்று உண்டு. தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் கிளைவ் ஆளுநராக இருந்தார். 1758-இல் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றித் தகர்த்தனர். இன்று அதன் பெயரைப் படிக்கும் மாணவனுக்கு அது பெயராகவே நிற்கிறது. மனக்கண்ணில் உருவம் எழுவதில்லை.

தரங்கம்பாடியில் அழிவு செய்வது பெரும்பாலும் கடலே. கோட்டைக்கு அருகே கரையில் மாசிலாமணிநாதர் கோயில் உள்ளது. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306-இல் எழுந்தது அது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகள் முந்தியது. அதன் முன்பகுதியை அலைகள் சிறிது சிறிதாகக் கொண்டுபோயின. கோட்டையைக் காண வருவோர் இக்கோயிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு அகல்வது வருந்தத்தக்கது. ஊரின் மூத்த கட்டடம் அதுவே. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூரைத் தாக்கியபோது மீனவர் குடியிருப்புகளே பேரிழப்புற்றன. அதன்பின் பழைய கட்டடங்கள் பல செப்பனிடப்பெற்றன. 1784 முதல் ஆளுநரின் உறைவிடமாயிருந்த மாளிகையும் அவற்றுள் ஒன்று.

மாளிகைகளைக் காத்தது நன்றே. ஆனால், அவற்றை அடுத்த தெருக்களில் ஓடு வேய்ந்த கூரையும் திண்ணையும் முற்றமும் உடைய தமிழர் வீடுகளும் இருந்துவந்தன. அவற்றை ஒவ்வொன்றாக இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டு, மாளிகைகளை மட்டும் காப்பின், எஞ்சுவது ஊராகாது. ஆளுநர் மட்டும் வாழ்ந்ததுபோன்ற பொய்த்தோற்றமே ஆகும். வீட்டுக்குரியவர்மேல் பழிசுமத்துவதும் நேர்மையன்று. ஒழுகும் கூரையின்கீழ் வாழ்பவரிடம் பழமையைப் போற்றுக என்று கூறுதல் எளிது. சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த கொத்தரும் அவருக்குக் கொடுக்கக் கூலியும் வேண்டும். அரசு செய்யத்தக்க உதவி அதுவே.

1845-இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்கத்துச் சிராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கும்பினியாருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். அவ்விற்பனையில் ஊராரை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கோட்டை இன்று தமிழக அரசின் தொல்லியல் துறைப் பொறுப்பில் அருங்காட்சியகமாக விளங்குகிறது. வாயிலிலும் தெருக்களிலும் கோயில்களிலும் முற்பகலைச் செலவிட்டு, கோட்டையைக் கடைசியிற் காண்பதே தக்கது. காரை பெயர்ந்த இடங்களில் செங்கல்லின் அளவையும் சாந்தின் கனத்தையும் நோக்குவதற்கு மாலையின் சாய்வெயில் ஏற்றது.