பிள்ளையின் முகம் உங்கள் பற்றுச்சீட்டு அல்ல



மாரி பிறந்தால் குச்சவெளிக்கு இரண்டு விசயம் வரும். ஒன்று வெள்ளம். மற்றது பெனரோடு வரும் போட்டோ. இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறோம். கோபிப்பவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

அந்தப் படங்கள் எல்லாம் ஒரே அச்சு. பின்னால் பெனர். முன்னால் ஏழெட்டுப் பெரியவர்கள். ஒரு ஸ்கூல் பேக்கை ஏழு கை பிடித்திருக்கும். அந்தக் கைகளுக்குக் கீழே ஒரு பிள்ளை. "இங்க பாருங்க மகள்" என்று யாரோ கூப்பிட, பேக்கைக்கூடப் பார்க்காமல் கமெராவைப் பார்க்கும்.

யாரை நடுவில் நிறுத்துவது, எதைச் சட்டத்துக்குள் எடுப்பது, எதை வெட்டுவது என்பதைத்தான் படத்தின் அமைப்பு என்கிறோம். அது அழகு பற்றிய விசயம் மட்டுமல்ல. நின்றபடி மேலிருந்து எடுத்தால் சிறிய பிள்ளை இன்னும் சிறிதாகத் தெரியும். பார்ப்பவரின் கண் முதலில் முகத்துக்கும் எழுத்துக்கும் போகும். பெனரில் கொடுத்தவர் பெயர், கீழே வாங்கியவர் முகம். இதற்குமேல் அந்தப் படத்துக்கு விளக்கம் வேண்டுமா?

எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை. வாப்பா கடலுக்குப் போறவர். பேக் வாங்கிய அன்றிரவே படம் முகநூலில் வந்தது. அடுத்த நாள் கூடப் படிக்கும் பொடியன்மார் அதை வட்ஸ்அப்பில் அனுப்பி, ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். மூன்று நாள் அந்தப் பிள்ளை வரவில்லை. நாலாம் நாள் கொப்பிகளைச் சொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு வந்தா. புது பேக் எங்கே என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அன்று வரிசையில் நிறுத்தியதும், சிரிக்கச் சொன்னதும் ஆசிரியர்களாகிய நாங்கள்தான்.

1984இல் பாகிஸ்தானில் ஓர் அகதி முகாமின் கூடாரப் பாடசாலையில் ஸ்டீவ் மெக்கரி ஓர் ஆப்கான் சிறுமியைப் படம் பிடித்தார். 1985 ஜூனில் நேஷனல் ஜியோகிராபிக் அட்டையில் வந்து உலகமே பார்த்தது. ஷர்பத் குலா என்ற அவருடைய பெயர் 2002இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அதுவரை அந்தப் படத்தை அவரே கண்டதில்லை. உலகம் அறிந்த முகம்; அவரிடம் கேட்க ஆளில்லை.

வேறு விதமாகவும் எடுக்கலாம். சுனாமிக்கு இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28இல், தமிழ்நாட்டின் கடலூரில் ஆர்கோ தத்தா எடுத்த படம் அந்த ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் படமாகத் தெரிவானது. மணலில் விழுந்து அழும் ஒரு பெண். ஓரத்தில் மௌத்தானவரின் கை மட்டும். மையித்தின் முகம் சட்டத்துக்கு வெளியே. அதனால் துயரம் குறைந்ததா? நம் கரையிலும் அந்த அலையைக் கண்டவர்களுக்கு அந்த ஒரு கை போதும்.

"காசு அனுப்பியவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?" என்பீர்கள். கட்டாயம் காட்ட வேண்டும். கணக்கு என்பது பற்றுச்சீட்டு, கையொப்பமிட்ட பட்டியல், வாங்கிய கடையின் பில். பிள்ளையின் முகத்தில் எந்தத் தொகையும் எழுதியிருக்காது. படம்தான் வேண்டுமென்றால் மேசையில் அடுக்கிய நூறு பேக்கை எடுங்கள். திருத்திய கூரையை எடுங்கள். புதுக் கொப்பியில் எழுதும் கையை, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். பேக்கோடு வீட்டுக்குப் போகும் பிள்ளைகளைப் பின்னால் நின்று, யாரென்று தெரியாத தூரத்தில் எடுங்கள்.

"வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதுதானே, அல்பகறாவில் இருக்கிறதே" என்று ஒரு ஹாஜியார் கேட்டார். இருக்கிறது, 271ஆம் வசனம். ஏழைகளுக்கு மறைத்துக் கொடுப்பது இன்னும் சிறந்தது என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. வெளிப்படுத்த அனுமதி கொடுப்பவரின் தர்மத்துக்கு. வாங்குபவரின் வறுமைக்கு அல்ல. சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்ற எச்சரிக்கை அதற்குச் சற்று முன்னால், 264இல் இருக்கிறது.

கொடுப்பவர்களின் நிய்யத்தை நாங்கள் அளக்கவில்லை, அது அல்லாஹ்வுக்குத் தெரியும். அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் வகுப்பில் பாதிக் கொப்பி இருக்காது. ஆனால் பேக்கின் விலையைப் பிள்ளையிடம் முகமாக வாங்காதீர்கள்.

இந்தத் தவணையிலிருந்து எங்கள் வகுப்புப் பிள்ளைகளைப் படத்துக்கு வரிசையில் நிறுத்த மாட்டோம். உதவி வந்தால் பட்டியல் தருவோம், கையொப்பம் தருவோம், துஆவும் செய்வோம். பள்ளி நிர்வாகமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் இதையே ஊர் முடிவாக எடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். பழைய படங்களைப் போட்டவர்கள் இன்றிரவே அழித்துவிடுங்கள். அந்தப் பிள்ளை இன்னும் சொப்பிங் பேக்கோடுதான் வருகிறா.